நிலாவரைக்குப் போன வழியில்

யாழ்ப்பாணத்திற் பிறந்து நிலாவரைக் கிணற்றைப் பாராதார் சிலரே; பார்த்தும் அங்கு நின்று நினையாதார் பலர். யாமும் நெடுங்காலம் அப்பலருள் ஒருவராகவே இருந்தோம். சிறுவயதிற் பாடசாலைச் சுற்றுலாவில் ஒருமுறை, கொழும்பிலிருந்து கலியாணத்துக்கு வந்த உறவினரை அழைத்துக்கொண்டு இருமுறை, அக்கிணற்றைக் கண்டதுண்டு. எட்டிப் பார்த்தோம், "அப்பா, எவ்வளவு ஆழம்!" என்று சொன்னோம், திரும்பினோம். சென்ற ஆண்டு மாசி மாதத்தில் நிகழ்ந்த பயணம் அத்தகையதன்று. கிணற்றைக் காணவேண்டுமென்று புறப்படாமல், மாணாக்கன் ஒருவனுடைய வீட்டுக்குச் சென்று, அவ்வழியே கிணற்றடியை அடைந்தோம். அன்று எமக்கு உண்டான ஒரு தெளிவை நேயர்களோடு, சிறப்பாக மாணவ நேயர்களோடு, பகிர்ந்துகொள்ள விரும்பியே இதனை எழுதுகின்றோம்.

தைப்பொங்கல் கழிந்த வாரத்தில், எமது உயர்தர வகுப்பு மாணாக்கன் ஒருவன் ஓர் அப்பியாசக் கொப்பியை எம் மேசைமீது வைத்தான்.

"சேர், இந்த வருஷத்துக்கு நான் போட்ட திட்டம். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றான்.

திறந்து பார்த்தோம். முத்துமுத்தான கையெழுத்தில் 14 நோக்கங்கள் இலக்கமிட்டு எழுதப்பட்டிருந்தன. உயர்தரப் பரீட்சையிற் சிறந்த பெறுபேறு பெறுதல், ஆங்கிலம் சரளமாகப் பேசுதல், கணினிப் பயிற்சி நெறி ஒன்று, கணக்கியற் பரீட்சை ஒன்று, மிருதங்கத்தில் அடுத்த தரம், கிரிக்கெட் அணியில் இடம், மாதம் நான்கு நூல்கள், வாகன அனுமதிப்பத்திரம், சிங்களம், நாடகம், சதுரங்கம் என்று அந்நிரல் நீண்டு சென்றது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பர் முன்னோர். இப்பிள்ளைக்கோ 14 வழிகள் ஒருங்கே பிறந்திருந்தன.

நல்ல நோக்கங்களே, ஒன்றையேனும் தீயதென்று தள்ள இயலாது. ஆயினும் அந்த ஆண்டில் அவனுக்குரிய நாட்கள் 365 தாமே. "இத்தனையும் ஆகாது தம்பி" என்று சொல்ல வாயெடுத்தோம். அவ்வேளை எமது பார்வை அம்மேசையின் மற்றொரு மூலையிற் சென்று விழுந்தது. அங்கே பழைய மாணவர் சங்கத்தின் கூட்ட அறிக்கை, கோயிற் பரிபாலன சபையின் வரவு செலவுக் கணக்கு, சனசமூக நிலையத்தின் ஆண்டுமலர்க் கட்டுரைகள், கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம், தனியார் வகுப்பு நேரசூசி, விவாத அணிப் பயிற்சிக் குறிப்பு, ஒரு மணிவிழா மலருக்கு எழுதத் தொடங்கிய வாழ்த்துரை ஆகிய 7 கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எமது நாவிலிருந்து அறிவுரை எழவில்லை. "சனிக்கிழமை உன்ர வீட்டுப் பக்கம் வாறன்; ஆறுதலா இருந்து கதைப்பம்" என்று மட்டும் சொல்லி அவனை அனுப்பினோம். 'சனிக்கிழமை' என்று சொல்லிய யாம் அதற்குப் பின் நான்கு சனிக்கிழமைகளைத் தவறவிட்டு, ஐந்தாவதிலேதான் புறப்பட்டோம் என்பதையும் ஈண்டு ஒளியாது கூறுதல் வேண்டும்.

அவன் வீடு சிறுப்பிட்டியில் உள்ளது. யாழ் நகரிற் பருத்தித்துறைப் பஸ் ஏறி, கல்வியங்காடு, இருபாலை கடந்து கோப்பாயை அணுகும்போதே கண்ணுக்குக் குளிர்ச்சி தொடங்கிவிடுகின்றது. நீர்வேலியில் மண் செக்கச் சிவந்து கிடக்கும். வீதியின் இருமருங்கும் வாழைத் தோட்டங்கள். நீர்வேலி வாழைக்குலை என்றாற் சந்தையில் தனி மதிப்பு உண்டென்பது யாவரும் அறிந்ததே. அப்பால் புகையிலைக் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றன. வெங்காயப் பாத்திகள் பச்சைப் பாயை விரித்தாற்போல வரிசை வரிசையாகத் தோன்றின. பூவரசு வேலிகளும் பனைவடலிகளும் இடையிடையே வந்து போயின.

இத்துணைப் பசுமைக்கும் அங்கே ஓர் ஆறு இல்லை. மாரியில் மாத்திரம் ஓடி வற்றிப்போகும் வழுக்கியாறு ஒன்றை விட்டால், குடாநாட்டில் ஆறென்று சொல்லத்தக்கது வேறில்லை. மழையைத் தேக்கி வைக்க மலையுமில்லை. வானம் தருவது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 அங்குலம். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களிற் பெய்து தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கெல்லாம் கிணறே கதி. அக்கிணற்று நீரை அளந்து, பங்கிட்டு, முறைவைத்துப் பயிருக்கு ஊட்டக் கற்றதனாலேயே எம்முன்னோர் இம்மண்ணிற் குடியும் குடித்தனமுமாய் வாழ்ந்தனர்.

மாணாக்கன் பஸ் தரிப்பிடத்திற் காத்திருந்தான். வீட்டுக்குள்ளே போகுமுன் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றான். அங்கே அவனுடைய பேரனார், எழுபதைக் கடந்த முதியவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியும் கையுமாக நின்றார். கிணற்றடியில் நீரிறைக்கும் யந்திரம் முழங்கிக்கொண்டிருந்தது.

"வாங்கோ மாஸ்டர், வாங்கோ. குறை நினையாதையுங்கோ, இண்டைக்கு எங்கட இறைப்பு நாள். தண்ணி மாறி முடிச்சிட்டு வாறன்" என்றார்.

குறை நினைப்பதற்கு யாதுமில்லை. யாம் வரம்பிலே நின்று அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைவாய்க்காலில் நீர் ஓடி வருகின்றது. அதன் இருபுறமும் பாத்திகள். முதியவர் ஒரு பாத்தியின் வாயை மண்வெட்டியால் வெட்டித் திறக்கின்றார். வெட்டிய மண்ணாலேயே வாய்க்காலை மறிக்கின்றார். நீர் முழுவதும் அப்பாத்திக்குள்ளே பாய்கின்றது. பாத்தி நிறைந்து, கன்றின் அடி நனைந்து, மண் கறுத்துத் தோன்றும்வரை அவர் அசையவில்லை. பின்னர் அவ்வாயை அடைத்து, மறிப்பை உடைத்து, அடுத்ததற்குச் செல்கின்றார். தண்ணீர் மாறுதல் என்று எமது ஊரிற் சொல்லப்படும் இத்தொழிலை யாம் பிறந்தநாள் தொட்டுக் கண்டிருக்கின்றோம். அன்றுதான் அது எமக்கு ஒரு பாடமாகத் தோன்றிற்று.

"ஐயா, எல்லாப் பாத்தியையும் ஒரேயடியாத் திறந்துவிட்டால் வேலை கெதியா முடியாதோ?" என்று, விடை தெரிந்திருந்தும், மாணாக்கன் கேட்கும்படியாக வினவினோம்.

முதியவர் சிரித்தார். "எல்லாத்தையும் திறந்தால் வாய்க்கால் முழுக்க நனையும் மாஸ்டர், ஒரு கண்டின்ர வேரும் நனையாது" என்றார்.

பின்னர் யந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து வரம்பில் அமர்ந்தார். அக்கிணறு பங்குக் கிணறு என்றும், தமக்குரிய நாளில் மாத்திரமே இறைக்கலாம் என்றும் சொன்னார். தம் இளமையிலே துலா மிதித்த காலத்தை நினைவு கூர்ந்தார். துலாவின்மேல் ஏறி முன்னும் பின்னும் நடக்க ஆள் வேண்டும். கிணற்று வாயில் நின்று பட்டை பிடிக்க ஆள் வேண்டும். பாத்தியில் நீர் மாற ஆள் வேண்டும். விடியுமுன் தொடங்கும் வேலை அது. "அப்ப ஒவ்வொரு பட்டைத் தண்ணிக்கும் எங்கட கால் நோவு தெரியும். அதால அளவும் தெரிஞ்சுது. மிசின் வந்த பிறகு தண்ணி லேசா வருது, ஆசையும் லேசாக் கூடிப்போச்சு" என்றார்.

ஒருமுறை புகையிலைக்கு நல்ல விலை வரப்போவதாகக் கேள்விப்பட்டு, வழக்கத்தினும் 2,000 கன்று கூடுதலாக நட்டாராம். கோடை கடிதாயிற்று. கிணறு ஊறியது பழைய அளவே. கூட நட்டதைக் காப்பாற்ற முயன்று முன்னே நட்டதற்கு நீர் குறைத்தார். முன்னதைக் காக்க முயன்று பின்னதைக் காயவிட்டார். "பழசும் போச்சு, புதுசும் போச்சு. அண்டைக்குத்தான் படிச்சன் மாஸ்டர். கிணத்தைப் பாத்துத்தான் கண்டு நடவேணும். ஆசையைப் பாத்து நடக்கூடாது."

எமது மாணாக்கன் இதனை முன்னரும் கேட்டிருப்பான். எனினும் அன்று அவன் தலைகுனிந்து, கையிலிருந்த கொப்பியின் மூலையை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தான்.

தேநீர் அருந்தியபின், அவனும் யாமும் இரு துவிச்சக்கரவண்டிகளிற் புறப்பட்டோம். சிறுப்பிட்டி வீதியாற் செல்லும்போது அவ்வூரின் புகழ்பூத்த மைந்தரைப் பற்றிப் பேசாதிருத்தல் தமிழாசிரியர் எவருக்கும் இயலாது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1832-ஆம் ஆண்டில் அங்கே பிறந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் கற்று, 1852-இல், யாம் பஸ்சிற் கடந்து வந்த கோப்பாயிலேயே ஆசிரியராகத் தொழில் தொடங்கினார்கள். பின்பு சென்னை சென்று, அங்கே புதிதாக நிறுவப்பெற்ற பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராயினார்கள். அரசாங்கக் கணக்குப் பகுதியிற் பெரிய உத்தியோகம் பார்த்தார்கள். சட்டமும் கற்றுத் தேறினார்கள். பிற்காலத்திற் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார்கள்.

"இவ்வளவு வேலை செய்தவரை, ஒரு நோக்கத்தோட இருந்தவர் எண்டு எப்பிடிச் சேர் சொல்லுறது?" என்று மாணாக்கன் கேட்டான். கூரிய கேள்வி. அவனுக்கு யாம் கூறிய விடை இது.

உத்தியோகம் அவருக்குச் சோறு தந்தது. குடும்பஸ்தருக்கு அது வேண்டும். அதனை ஒருவரும் விலக்க இயலாது. ஆனால் உத்தியோகத்தின்பின் எஞ்சிய நேரமும், பொருளும், மனமும் ஒரு பாத்திக்கே பாய்ந்தன. ஓலைச்சுவடிகளிற் கிடந்து அழியும் பழந்தமிழ் நூல்களை அச்சிலேற்றுவதே அப்பாத்தி. ஆறுமுக நாவலர் பரிசோதிக்கத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868-இல் வெளியிட்டார். நாவலர் 1879-இல் மறைந்தபின் அப்பாரத்தைத் தாமே சுமந்தார். 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891-இல் தொல்காப்பிய எழுத்ததிகாரம் என இரண்டாண்டுக்கு ஒருமுறை நூல்கள் வெளிவந்தன. இவ்வாண்டுகளை வரிசையாகச் சொல்லிவருகையில், தோட்டத்து முதியவர் ஒரு பாத்தி நிறையும்வரை அசையாது நின்ற காட்சியே எம் கண்முன் நின்றது. தொட்டாற் சிதையும் ஏடுகளைக் கண்டு தாம் பட்ட துயரத்தை அவர் தமது பதிப்புரைகளில் எழுதியுள்ளார். அத்துயரமே அவருக்கு எதைத் திறப்பது, எதை அடைப்பது என்று சொல்லிக்கொடுத்தது போலும். 1901-ஆம் ஆண்டு தை முதலாந் திகதி அவர் காலமானார். அவர் பார்த்த கணக்குகள் எங்கே போயினவோ! கலித்தொகை எமது கையில் இருக்கின்றது.

இவ்வாறு பேசிக்கொண்டே புத்தூர்ச் சந்தியை அடைந்து, மேற்கே சுன்னாகம் வீதியில் திரும்பினோம். சிறிது தூரத்தில் நவக்கிரியும், வீதியோரத்திலேயே நிலாவரையும் வந்துவிட்டன.

நாற்புறமும் கட்டி எழுப்பிய, நீள்சதுரமான சிறு குளம் போன்ற தோற்றம். உள்ளே நீலமும் பச்சையும் கலந்த நீர் அலையின்றிக் கிடந்தது. இராமபிரான் படைகளின் தாகந் தீர்க்க நிலத்தில் அம்பெய்து இந்நீரை வரவழைத்தார் என்பது ஐதிகம். இங்கே இட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்து வருமென்று எமது பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அடியற்ற கிணறு என்று ஊரவர் வழங்குவர். ஆயினும் கயிறிட்டு அளந்தோர் உண்டு. 1859-இல் வெளிவந்த தம் இலங்கை வரலாற்று நூலில் எமர்சன் டெனன்ட் என்பார் இக்கிணற்றைக் குறித்து எழுதியுள்ளார். மேலே உள்ள நீர் நன்னீர். அதன் கீழே சவர்நீர். அடியாழத்தில் முற்றும் உப்புநீர் என்பது அவர் தரும் செய்தி.

இது எவ்வாறு ஆகுமெனின், குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது, அக்கல்லை மெல்ல மெல்ல அரிக்கின்றது. நூறாயிரக்கணக்கான ஆண்டுகளில் வெடிப்புகள் குகைகளாகின்றன. குகையின் கூரை இடிந்து விழுந்த இடத்திலே நிலாவரை போன்ற பெருங்குழிகள் தோன்றுகின்றன. அக்கல்லின் துவாரங்கள் வழியே கடல்நீரும் உட்புகுந்து கீழே நிற்கின்றது. மழை தந்த நன்னீர் கனங் குறைந்தது. ஆகையால் உப்புநீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இக்கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. அளவின்றி இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கிற் கீழிருந்து உப்புநீர் 40 அடி மேலெழும். குடாநாட்டிலே, முன்பு இனித்த கிணறுகள் பல இன்று உவர்த்துப்போனமைக்கு இவ்வளவு கடந்த இறைப்பும் ஒரு காரணமாகும்.

இதனை மாணாக்கனுக்கு விளக்கிவிட்டு, சுவரருகே சிறிது நேரம் பேசாது நின்றோம். எமக்கும் ஓர் எண்ணம் உள்ளூர இருந்ததுண்டு. எத்தனை பொறுப்பு வந்தாலும் தாங்குவோம். எம் ஊற்று வற்றாது என்பதே அவ்வெண்ணம். பிறர் அவ்வாறு புகழ்ந்தபோது மகிழ்ந்துமிருக்கின்றோம். நிலாவரையைப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. ஆழம் பெரிதுதான், இனிப்பது மேற்பரப்பு மாத்திரமே. அதற்கப்பாலும் இறைத்தாற் கிணறு வற்றாது, உவர்க்கும். வேலை மிகுந்த நாட்களில் வீட்டாரிடம் யாம் பேசிய கடுஞ்சொற்களும், திருத்தாமல் மேசையிற் கிடந்த மாணாக்கர் கட்டுரைகளும், பாதியிற் கேட்டு எழுந்து சென்ற பிள்ளைகளின் சந்தேகங்களும் அவ்வுவர்ப்பேயன்றி வேறென்ன?

அப்போது மாணாக்கன் மெல்லக் கேட்டான்: "சேர், உங்களிட்டையும் இப்பிடி ஒரு கொப்பி இருக்கோ?"

"கொப்பி இல்லைத் தம்பி, ஒரு றங்குப்பெட்டி இருக்கு" என்றோம். அதுவரை எவருக்கும் சொல்லாத அச்செய்தியை அக்கிணற்றடியில் வைத்து அவனுக்குச் சொன்னோம்.

எமக்குத் தமிழ் கற்பித்தவர் ஒரு பண்டிதர். கோயில்களிற் கந்தபுராண படனம் நடக்கும்போது, ஒருவர் பாட்டை வாசிக்க, இவர் பயன் சொல்லுவார். அவர் பயன் சொல்லும் நாளிற் கோயில் மண்டபம் நிறைந்துவிடும். தாம் சொல்லியவற்றையும், தம் ஆசிரியரிடம் கேட்டவற்றையும் 9 பெரிய கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். 1995-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, எமக்கு வயது 16. மழையில், செம்மணி வீதியில், ஓரடி வைக்க ஒரு நாழிகை நின்ற அக்கூட்டத்தில் அவரைக் கண்டோம். துவிச்சக்கரவண்டியின் பின்னாசனத்தில் ஒரு றங்குப்பெட்டி மாத்திரம் கட்டப்பட்டிருந்தது. "வேற ஒண்டும் எடுக்கேல்லையோ, ஐயா?" என்று கேட்டோம். "ஒண்டைத்தான் எடுக்கலாமெண்டால் எதை எடுக்கிறதெண்டு யோசிக்க வேண்டி வரேல்லை" என்றார். அவ்விரவில் ஒவ்வொரு வீட்டாரும் எதை எடுப்பது, எதை விடுவது என்று அரைமணி நேரத்திலே தீர்மானித்தோம். அக்கொடிய சோதனை எவருக்கும் மீண்டும் வரவேண்டாம். ஆனால் தமக்கு முதன்மையானது எது என்பதைச் சோதனை வருமுன்னரே அறிந்திருந்தவர் அவர் ஒருவரே என்று இப்பொழுது தோன்றுகின்றது.

ஊர் திரும்பியபின் பல்லாண்டு வாழ்ந்து, 2011-இல் அப்பெட்டியை எம்மிடம் ஒப்படைத்தார். "ஆறுதலா எழுதி அச்சிலை போடு தம்பி" என்றார். யாமும் வாக்குக் கொடுத்தோம். அடுத்த ஆண்டே அவர் சிவபதம் அடைந்தார். அவர் சொன்ன 'ஆறுதல்' எமக்குப் பின்வந்த பத்தாண்டுகளிற் கிட்டவேயில்லை. ஒரு கூட்டம் முடிந்ததும் எழுதலாம், ஒரு விழா முடிந்ததும் எழுதலாம் என்று நாளைக் கடத்தினோம். 2022-இல் ஒருநாள் பெட்டியைத் திறந்தபோது, அடித்தகட்டின் துருப்பிடித்த துளை வழியே கறையான் ஏறி, ஐந்தாம் கொப்பியில் 42 பக்கங்களைத் தின்றிருந்தது. போரும் மழையும் இடப்பெயர்வும் அழிக்காத ஏடு, எமது வீட்டு அறையில், எமது கண்முன்னே அழிந்தது. அன்றும் மனம் பதைத்தோம். பெட்டியை உயரமான இடத்தில் வைத்தோம். மறுநாட் காலை கூட்டத்துக்குச் சென்றோம்.

இதைச் சொல்லி முடித்தபோது மாணாக்கன் ஒன்றும் பேசவில்லை. தன் கொப்பியைத் திறந்து, பேனாவை எடுத்துச் சுவர்மீது வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பார்த்தான். யாம் அவனுக்கு ஒரு வழி மாத்திரமே சொன்னோம். "எது நல்லது எண்டு கேளாதை, எல்லாம் நல்லதுதான். இந்த வருஷம் எது வாடினால் உன்னாலை பொறுக்கேலாது எண்டு கேள்." அரைமணி நேரத்தில் 14 நோக்கங்கள் 3 ஆயின. உயர்தரப் பரீட்சை, ஆங்கிலம், மிருதங்கம். மிருதங்கத்தையும் விட்டுவிடுவான் என்று எதிர்பார்த்தோம். "அது இல்லாட்டில் மற்ற ரெண்டும் ஓடாது சேர்" என்றான். தன் கிணற்றைத் தானே அறிந்தவன் அவன்; யாம் மறுக்கவில்லை. எஞ்சிய 11-ஐயும் அவன் வெட்டியெறியவில்லை. கடைசிப் பக்கத்தில் 'அடைத்த பாத்திகள்' என்று தலைப்பிட்டு எழுதி வைத்தான். பரீட்சை முடிந்தபின் அவற்றிற் சிலவற்றைத் திறக்கலாம். சிலவற்றை நடவேண்டியதே இல்லையென்று அப்போது தோன்றவுங்கூடும்.

அன்றிரவு எமது மேசையிலும் அதே கேள்வியைக் கேட்டோம். 7 கட்டுகளில் 5 பொறுப்புகளிலிருந்து விலகும் கடிதங்களை எழுதினோம். இதனை எளிதென்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. பாத்தியை அடைப்பதற்கும் மண்வெட்டி பிடிக்கும் கைவலி உண்டு. கோயிற் சபையிலே முதியவர் ஒருவர், "மாஸ்டர், நீங்களும் விட்டால் ஆர் பாக்கிறது?" என்று மனம் நொந்து கேட்டார். விடை கூற நாவெழாது நின்றோம். மூன்று மாதத்தின்பின் அப்பொருளாளர் பதவியை ஓர் இளைஞர் ஏற்றார். கணக்கை அவர் கணினியிற் பதிந்து, மாதந்தோறும் முதல் வாரத்திலேயே சபைக்குக் காட்டுகின்றார். எமது காலத்தில் அக்கணக்கு ஆண்டு முடிவிலே அவசரமாக எழுதப்பட்டது. யாம் விட்டாற் காரியம் கெடும் என்று நினைத்திருந்தோம். யாம் விடாது பற்றியிருந்ததனாலே கெட்டுக்கொண்டிருந்தது என்பதை அறிந்தபோது சிறிது நாணமும் பெரிய ஆறுதலும் உண்டாயின.

மாணவச் செல்வர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்புகள் பல; அவை வேண்டாமென்று யாம் சொல்லோம். ஆனால் காலை ஒரு வகுப்பு, மாலை இரு வகுப்பு, சனி ஞாயிறுகளில் மற்றும் மூன்று என்று எல்லா வாய்களையும் ஒருங்கே திறந்துவிட்டு, 'பிள்ளை ஏன் வாடுகிறது?' என்று வியத்தல் தகாது. ஆண்டுத் தொடக்கத்திற் பிள்ளையோடு இருந்து, அவனுடைய கிணறு எவ்வளவு ஊறும் என்பதைப் பாருங்கள். இரண்டு மூன்று கன்றுகளை நடுங்கள். ஒரு பாத்தி நிறையும்வரை அதனருகே நில்லுங்கள். அடுத்த வீட்டுத் தோட்டத்தை எட்டிப் பார்த்து ஆசை கொள்ளாதிருங்கள். அவர்களுடைய கிணறு வேறு.

எமது மாணாக்கன் இவ்வாண்டு பரீட்சை எழுதவிருக்கின்றான். பெறுபேறு எவ்வாறாயினும், அவன் ஓராண்டாகக் கலங்காது கற்று வருவதைக் காண்கின்றோம். எம்மைப் பொறுத்தவரை, நாள்தோறும் விடியற்காலை 5 மணி முதல் 6 மணி வரை றங்குப்பெட்டிக்குரிய நேரம். அவ்வேளையில் வீட்டார் எம்மை அழைப்பதில்லை. தொலைபேசி அடுத்த அறையிற் கிடக்கும். இதுவரை 3 கொப்பிகள் பெயர்த்தெழுதப்பட்டன; நான்காவது நடக்கின்றது. ஐந்தாவதன் அழிந்த 42 பக்கங்களுக்கும் இப்பொழுதே வெறுந்தாள் கோத்து வைத்துள்ளோம். பண்டிதர் பயன் சொல்லக் கேட்ட முதியோர் சிலர் இன்னும் எமது ஊரிலே இருக்கின்றனர். அவர்களுக்கும் வயது ஏறுகின்றது. நான்காம் கொப்பி நிறைந்ததும் அவர்களுடைய வீடுகளுக்கு நடக்கவேண்டும்.